முதல் கிளாஸ், முதல் ரேஸ்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் தொடங்குபவர்களுக்கு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், பல ஊர் ஆட்கள் நெட்டில் சேர்ந்து ஆடும் விளையாட்டு. அதில் கேரக்டர் உருவாக்கும் திரை திறந்ததும் கண்ணில் படுவது ரேஸ், அதாவது ஆள் எந்த இனம் என்பது. இடப்பக்கம் அலையன்ஸ் அணி ஆட்கள், வலப்பக்கம் எதிரணியான ஹோர்ட் ஆட்கள், நடுவில் உருவம். ஆள் எப்படிச் சண்டை போடுவார் என்பதைத் தீர்மானிக்கும் கிளாஸ் பட்டன்கள் அடியில் சின்னதாக ஒரு வரிசை. அதனாலேயே புதிதாக வருபவர்கள் தாடியும் கொம்பும் வைத்துப் பார்த்தே அரைமணி நேரத்தைப் போக்கிவிட்டு, கிளாஸை ‘ஏதோ ஒண்ணு’ என்று அமுக்கிவிடுகிறார்கள்.

இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ரேஸைப் பின்னால் காசு கட்டி மாற்றிக்கொள்ளலாம். அதே அணிக்குள் என்றால் 25 டாலர், அணியும் சேர்ந்து மாறினால் 30 டாலர். நம் காசில் இரண்டாயிரத்துக்கு மேல் போய்விடும், ஆனாலும் வழி இருக்கிறது. கிளாஸுக்கு அந்த வழியே கிடையாது. ஹண்டராகத் தொடங்கியவர் கடைசிவரை ஹண்டர்தான். பிடிக்கவில்லையென்றால் புதுக் கேரக்டர், திரும்ப லெவல் 1.

2004 நவம்பரில் விளையாட்டு வந்தபோது கிளாஸ் 9. பிறகு டெத் நைட், மங்க், டீமன் ஹண்டர், எவோக்கர் சேர்ந்து இன்றைக்கு 13. இதில் எது சிறந்தது என்று தேடினால் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் கடைசி லெவலில் ரெய்டு என்னும் பெருங்கூட்டச் சண்டைக்குப் போகிறவர்களுக்காகப் போட்டவை. விளையாட்டைத் திருத்தி வெளியிடும் ஒவ்வொரு பேட்சுக்கும் மேலே இருப்பது கீழே போகும். லெவல் 8-ல் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுபவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் பார்க்க வேண்டியது நான்கு: பிங் (நாம் அமுக்கியது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்), கரண்ட், கையிலிருக்கும் நேரம், மவுஸ்.

பிங்கும் கரண்டும்

இந்த விளையாட்டுக்கு இந்தியாவில் சர்வர் இல்லை. நம் ஊரிலிருந்து ஐரோப்பிய சர்வருக்கோ, சிட்னியில் இருக்கும் ஓஷியானிக் சர்வருக்கோ போனால் பிங் 150 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். சாயங்காலம் தெருவே வீடியோ பார்க்கும் நேரத்தில் இன்னும் ஏறும். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். விளையாட்டுக்குள் போய், அடிப்பக்கம் மெனு ஐகான்கள் இருக்கும் வரிசையில் கேம் மெனு ஐகான்மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஹோம், வேர்ல்ட் என்று இரண்டு எண் காட்டும். சண்டைக்குக் கணக்கு வேர்ல்ட் எண். காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை பாருங்கள். சராசரியைவிட அது எவ்வளவு குதிக்கிறது என்பதுதான் முக்கியம். எப்போதும் 220-லேயே நிற்கும் லைனில் நிம்மதியாக விளையாடலாம். 160-க்கும் 600-க்கும் இடையே ஆடும் லைன்தான் ஆளைக் கொல்லும்.

பிங் அதிகமானால் எல்லாமே கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். இதில் பெரும்பாலான கிளாஸுக்கு ஒரு ஸ்பெல்லுக்கும் அடுத்த ஸ்பெல்லுக்கும் நடுவே ஒன்றரை செகண்ட் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி முடிவதற்கு 400 மில்லி செகண்ட் முன்பே அடுத்த பட்டனை அமுக்கினால் விளையாட்டு அதை வாங்கி வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் விடும். ஆகவே வரிசையாக அடித்துக்கொண்டிருக்கும் வேலைக்கு 200 பிங் ஒரு குறையே இல்லை. அடி வாங்குவது வேறு இடங்களில்.

ஒன்று, பக்கத்தில் நின்று அடிப்பது. எதிரி ஓடும்போது உங்கள் திரையில் அது கை எட்டும் தூரத்தில் தெரியும், சர்வர் கணக்கில் அது ஏற்கெனவே நாலடி தள்ளிப் போயிருக்கும். வாள் வீசினால் ‘தூரம் அதிகம்’ என்று சிவப்பில் எழுத்து வரும். இரண்டு, நின்றபடி மந்திரம் போடுவது. ஓடி வந்து சட்டென நின்று பட்டனை அமுக்கினால், நீங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே சர்வர் நினைக்கும், மந்திரம் அறுந்துபோகும். நின்ற பிறகு கால் செகண்ட் பொறுத்து அமுக்குவதுதான் இதற்கு மருந்து. மூன்று, கடைசி நேரத்தில் ஒருவரைக் காப்பாற்றும் ஹீல். நீங்கள் அமுக்கி அது போய்ச் சேர்வதற்குள் ஆள் விழுந்திருப்பார்.

கரண்ட் விஷயம் இதைவிடப் பெரிது. இங்கே டன்ஜியன் என்னும் குகை, கோட்டைச் சண்டைக்குப் போக 5 பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டேமேஜ். அடிவாங்கி முன்னால் நிற்பவர் டேங்க், காயம் ஆற்றுபவர் ஹீலர், மற்ற மூவர் எதிரியைக் குறைப்பவர்கள். டேமேஜ் ஆட்களில் ஒருவருக்குக் கரண்ட் போனால் சண்டை கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். டேங்குக்குக் கரண்ட் போனால் பூதம் திரும்பி ஹீலரை ஒரே அடியில் சாய்க்கும், அடுத்த பத்து செகண்டில் ஐந்து பிணம். காரணம் கேட்க ஆளில்லாமல் உங்களைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஃபேன் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

லேப்டாப் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பேட்டரி தாங்கும், ரவுட்டர்தான் தாங்காது. பெரும்பாலான ஃபைபர் ரவுட்டர் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது. அதற்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் அடாப்டர்மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து, பின்னின் அளவும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். தெருவில் இருக்கும் கேபிள்காரர் பெட்டிக்கே பேக்கப் இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் இருந்தும் நெட் வராது. அதை முதலில் விசாரித்துவிட்டுக் காசு போடுங்கள். டெஸ்க்டாப்புக்குப் போடும் 600 விஏ யுபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடம் கொடுக்கும். ஒரு பாஸ் (டன்ஜியனின் பெரிய எதிரி) சண்டையை முடித்து ‘சாரி’ சொல்லி விலக அது போதும்.

இவையெல்லாம் சேர்ந்துதான் முதல் கிளாஸ் என்னவென்று சொல்கின்றன. தள்ளி நின்று அடிக்க வேண்டும், ஓடிக்கொண்டே அடிக்க முடிய வேண்டும், தனியாக இருந்தாலும் சாகக்கூடாது, நீங்கள் காணாமல்போனால் மற்றவர் சாகக்கூடாது. இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடிவருவது ஹண்டரிடம்.

ஹண்டர்: பெட்டை வைத்துப் பிழைப்பது

ஹண்டருக்குக் கூடவே ஒரு விலங்கு வரும். எல்லோரும் அதை பெட் என்பார்கள். லெவல் 10-ல் ஒவ்வொரு கிளாஸும் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹண்டருக்கு மூன்று: பீஸ்ட் மாஸ்டரி, மார்க்ஸ்மேன்ஷிப், சர்வைவல். யோசிக்காமல் பீஸ்ட் மாஸ்டரி எடுங்கள். அதன் முக்கிய அடிகள் எல்லாமே நிற்காமல், ஓடியபடியே விடக்கூடியவை. 40 கஜ தூரத்திலிருந்து அடிக்கலாம். மார்க்ஸ்மேன் நின்று குறிபார்த்து அடிப்பவர், அவருக்கு நம் பிங் எதிரி. சர்வைவல் ஈட்டியோடு பக்கத்தில் போய்க் குத்துபவர், அவருக்கு இன்னும் மோசம்.

வேலை நடக்கும் விதம் இது. பெட்டை முதலில் அனுப்புங்கள். அது போய்க் கடித்து எதிரியைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு செகண்ட் கழித்து நீங்கள் அம்பு விடத் தொடங்குங்கள். முந்திக்கொண்டு விட்டால் எதிரி உங்களிடம் ஓடிவரும், ஹண்டராக இருந்து வாங்கும் அடியில் பாதி இந்த அவசரத்தால் வருவது. பெட்டின் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே போனால் மெண்ட் பெட் அமுக்குங்கள். பெட் செத்துவிட்டால் அதே பட்டன்தான் உயிர்ப்பிக்கும் பட்டனாக மாறி நிற்கும். நிலைமை கைமீறினால் ஃபீன் டெத்: செத்ததுபோல் படுத்துவிடலாம், எதிரிகள் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

பக்கத்தில் செங்கம் வட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்காக அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஹண்டர் என்ன வேலை என்று கேட்கும் தம்பி, தங்கைக்கு அதைக் காட்டினால் போதும்.

இப்போது புதியவர் எல்லோரும் செய்யும் ஒரு தவறு. பெட் எதிரியை இழுத்துப் பிடிப்பது க்ரௌல் என்ற உறுமலால். தனியாகச் சுற்றும்போது அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் டன்ஜியனுக்குள் எதிரியை இழுத்துப் பிடிப்பது டேங்கின் வேலை. உங்கள் கரடி அங்கேயும் உறுமிக்கொண்டிருந்தால் பாஸ் ஒரு நிமிடம் டேங்க் பக்கம், ஒரு நிமிடம் கரடி பக்கம் என்று திரும்பும். அது திரும்பும்போது வாயிலிருந்து வரும் நெருப்பு நடுவில் நிற்கும் மற்ற மூவர்மேல் விழும். சாட்டில் ‘க்ரௌல், க்ரௌல்’ என்று கத்துவார்கள், என்னவென்று புரியாமல் நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். பெட் பட்டன்கள் வரிசையில் க்ரௌல்மேல் ரைட் கிளிக் செய்தால் அதைச் சுற்றி ஓடும் மினுக்கு நின்றுவிடும். மினுக்கு இல்லையென்றால் தானாக உறுமாது. உள்ளே போகும்போது அணையுங்கள், வெளியே வந்ததும் திரும்பப் போடுங்கள். திரும்பப் போட மறந்துதான் பாதிப்பேர் வெளியே வந்த முதல் சண்டையில் சாகிறார்கள்.

இன்னொன்று, டன்ஜியனில் மேடையிலிருந்து கீழே குதித்தால் பெட் சில நேரம் குதிக்காது. படி வழியாகச் சுற்றி வரும். வருகிற வழியில் இருக்கும் அத்தனையையும் கிளப்பிக் கூட்டிவரும். குதிப்பதற்கு முன் டிஸ்மிஸ் பெட், குதித்த பிறகு கால் பெட்.

பெட் எது என்று மண்டையை உடைக்க வேண்டாம். ரேஸைப் பொறுத்து முதல் பெட் வரும். ட்வார்ஃபுக்குக் கரடி, ஆர்க்குக்கு ஓநாய். பின்னால் டேம் பீஸ்ட் வைத்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். தனியாக விளையாடுபவருக்கு டெனாசிட்டி வகை நன்றாகத் தாங்கும், கரடியும் ஆமையும் அந்த வகைதான்.

ஹண்டர் பிடிக்காதவருக்கு

விலங்கோடு சுற்றுவது எல்லோருக்கும் ஒட்டாது. கவசம் போட்டு, சம்மட்டி பிடித்து முன்னால் நிற்க ஆசைப்படுபவர் பாலடின் எடுக்கலாம், ரெட்ரிபியூஷன் பிரிவில். பக்கத்தில் நின்று அடிப்பவர்தான், பிங் கொஞ்சம் படுத்தும். ஆனால் தவறு செய்தால் மன்னிக்கிற கிளாஸ் இதைப்போல் இன்னொன்று இல்லை. இரும்புக் கவசம், கூடவே தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் சக்தி. கணக்கு எளிது: அடிக்க அடிக்க ஹோலி பவர் சேரும், அதிகபட்சம் 5. அதில் 3-ஐச் செலவழித்து ஒரு பெரிய அடி அடிக்கலாம், அல்லது அதே 3-ஐ வேர்ட் ஆஃப் குளோரிக்குக் கொடுத்து உயிரை ஏற்றிக்கொள்ளலாம். 5 நிரம்பிய பிறகும் சேர்த்துக்கொண்டே போனால் வீண், வழிந்து போகும். எல்லாம் கைவிட்டால் டிவைன் ஷீல்ட்: 8 செகண்ட் எதுவும் தொடாது. அதைத் திரும்பப் போட 5 நிமிடம் ஆகும், ஆகவே ஒரு பன்றிக்காக அதைச் செலவழிக்காதீர்கள். பின்னாளில் டேங்க், ஹீலர் இரண்டையும் பழக ஆசை வந்தால் இதே கேரக்டரில் பழகலாம். மூன்று வேலையும் செய்யும் கிளாஸ்கள் பாலடின், ட்ரூயிட், மங்க் மட்டும்தான்.

மந்திரவாதிதான் வேண்டும் என்பவருக்கு மேஜ் கவர்ச்சியாகத் தெரியும். முதலில் வார்லாக்கைப் பாருங்கள். வாய்ட்வாக்கர் என்ற பூதம் முன்னால் நின்று அடி வாங்கிக்கொள்ளும், ஹண்டருக்குக் கரடிபோல. மேஜுக்கு அப்படி ஆள் கிடையாது. உடம்பில் துணிதான், எதிரி கிட்டே வந்துவிட்டால் ஃப்ரோஸ்ட் நோவாவால் காலை உறைய வைத்து ஓட வேண்டும், ஓடி நின்று திரும்பப் போட வேண்டும். அந்த நிற்பதும் ஓடுவதும்தான் நம் லைனில் அறுந்துபோவது. மேஜே வேண்டும் என்றால் ஃப்ராஸ்ட் பிரிவு, எதிரியை மெதுவாக்கி நேரம் வாங்கித் தரும். சொந்தச் சாப்பாடு, நகரங்களுக்கு டெலிபோர்ட் எல்லாம் மேஜ் வைத்திருப்பதால் குழுவில் அவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

வாரியர் எளிமையானவர், கோபம் ஏற ஏற அடிப்பவர். ஒரே சமயம் மூன்று எதிரி மேலே விழுந்தால் தன்னை ஆற்றிக்கொள்ளப் பெரிதாக எதுவும் கையில் இருக்காது. ஒன்றைக் கொன்ற பிறகு விக்டரி ரஷ் கொடுப்பதை வைத்து ஓட்ட வேண்டும். ஷாமன், ப்ரீஸ்ட் இரண்டும் நல்ல கிளாஸ்கள், இரண்டாவது கேரக்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.

ட்ரூயிடைப் பார்த்து ஏமாறுபவர் அதிகம். பூனையாகவும் கரடியாகவும் பறவையாகவும் மாறலாம், பிரிவு நான்கு, எல்லா வேலையும் செய்யும். கேட்க ஆசையாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், பூனை, கரடி என்று உருவம் மாறும்போது கீழே இருக்கும் பட்டன் வரிசையும் மாறிவிடும். பூனையில் 2-ஆம் எண்ணில் இருந்த அடி கரடியில் வேறொன்றாக நிற்கும். கை இன்னும் பழகாத நிலையில் இது பெரிய தலைவலி. ரோக் மறைந்து நின்று முதுகுப்பக்கம் அடிப்பவர், முன்னே சொன்ன நாலடித் தூரப் பிரச்சினை முழுக்க அவருடையது.

டெத் நைட், டீமன் ஹண்டர், எவோக்கர் மூன்றையும் முதல் கேரக்டராக எடுக்க வேண்டாம். இவை லெவல் 1-லிருந்து தொடங்காது. சொந்தக் கதையோடு, நிறைய பட்டன்களை ஒரே நேரத்தில் கையில் திணித்துவிட்டுத் தொடங்கும். கிளாஸ் வலுவாகத்தான் இருக்கும், ஒவ்வொரு பட்டனும் எதற்கு என்று கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்காது. எவோக்கரின் அடி வெறும் 25 கஜம் போகும், தள்ளி நிற்பது என்றும் சொல்ல முடியாது.

டேங்க், ஹீலர் கனவு உள்ளவர்கள் மனம் விட வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த 10.2.5 பேட்சிலிருந்து ஃபாலோயர் டன்ஜியன் என்று ஒன்று இருக்கிறது. மற்ற நால்வரும் கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் ஆட்கள். கரண்ட் போனால் திட்ட ஆளில்லை. லெவல் ஏறிய பிறகுதான் அது திறக்கும், அதுவரை டேமேஜ். டேமேஜ் ஆட்கள் டன்ஜியன் வரிசையில் அதிக நேரம் காத்திருக்க வேண்டும், டேங்கை உடனே கூப்பிட்டுக்கொள்வார்கள். காத்திருக்கும் நேரத்தில் குவெஸ்ட், அதாவது விளையாட்டு கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளை முடியுங்கள்.

எந்த நேரம், எந்த ரீஜன்

சந்தா எந்த ரீஜனுக்கு எடுக்கிறீர்களோ அங்கேதான் விளையாட முடியும். அமெரிக்காவும் ஓஷியானியாவும் ஒரே ரீஜன், ஐரோப்பா தனி. கேரக்டரை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே கிளாஸ் தேர்வுக்கு முன்னால் நிற்கும் தேர்வு இதுதான்.

ஓசூரில் இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு 11 மணிக்கு உட்காருபவருக்கு ஐரோப்பா சரியாகப் பொருந்தும், அங்கே அப்போது மாலை ஆறரை ஏழரை, கூட்டம் ஏறும் நேரம். சிட்னியில் கூட்டம் சேரும் இரவு 8 மணி என்பது நமக்குப் பிற்பகல் இரண்டரை மூன்றரை. கல்லூரி முடித்து நாலு மணிக்கு வருபவருக்கு அது ஒத்துவரும், இரவு 11 மணிக்கு அங்கே வரிசை காத்தாடும். அமெரிக்க ரீஜனில், ஓஷியானிக்கும் சேர்த்து, வாராந்திரப் பராமரிப்பு அவர்களுக்குச் செவ்வாய் காலை, நமக்குச் செவ்வாய் மாலை ஏழரை எட்டரை. அன்றைக்குப் பார்த்து சர்வர் கிடைக்கவில்லையென்றால் உங்கள் நெட்டைத் திட்டாதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் விளையாட்டை மூடும்போது எப்போதும் விடுதிக்குள்ளோ நகரத்துக்குள்ளோ போய் மூடுங்கள். ஓய்வுக் கணக்கு ஏறும், அடுத்த நாள் எதிரியைக் கொல்லும்போது வரும் அனுபவப் புள்ளி இரட்டிப்பாகும்.

இனி ரேஸ்

கிளாஸ் முடிவானால் ரேஸ் பாதி தானாகவே முடிந்துவிடும். ஹண்டர், வாரியர், மேஜ், ரோக், ப்ரீஸ்ட், வார்லாக் ஆகியவை பழைய ரேஸ்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். பாலடின் என்றால் தொடக்கத்திலேயே கிடைப்பதில் ஹியூமன், ட்வார்ஃப், ட்ரனை, ப்ளட் எல்ஃப், டாரன் பக்கம் போங்கள். ட்ரூயிடுக்கு நைட் எல்ஃப், வொர்கன், டாரன், ட்ரோல். திரையில் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிவது அந்தச் சேர்க்கை கிடையாது என்று அர்த்தம். அலைடு ரேஸ் என்று தனியாகக் காட்டும் சிலவற்றைப் பின்னால் குவெஸ்ட் முடித்துத்தான் திறக்க முடியும். அவை பூட்டியிருப்பதைப் பார்த்து ஏதோ காசு கேட்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு ரேஸுக்கும் சில பிறவிக் குணம் உண்டு. அவை சேர்ந்து தரும் வித்தியாசம் டேமேஜில் ஒன்றிரண்டு சதவீதம்தான், தொடக்கக்காரர் கண்ணுக்கே தெரியாது. அன்றாடத்தில் உதவுவதை மட்டும் பாருங்கள். ட்வார்ஃபின் ஸ்டோன்ஃபார்ம் விஷம், நோய், சாபத்தையெல்லாம் உதறிவிடும். ட்ரனை தன்னையோ மற்றவரையோ கொஞ்சம் ஆற்றும், முதல் வாரத்தில் அது பெரிய உதவி. நைட் எல்ஃபுக்கு ஷேடோமெல்ட், நின்ற இடத்தில் மறையலாம், துரத்தும் எதிரி விட்டுவிட்டுப் போகும். டாரன் காலைத் தரையில் ஓங்கி அடித்தால் சுற்றியுள்ளவை 2 செகண்ட் ஸ்தம்பித்து நிற்கும். காப்ளின் ராக்கெட் வைத்துத் தாவும். அன்டெட் தண்ணீருக்கடியில் வெகுநேரம் தாங்கும். பண்டாரனுக்குச் சாப்பாட்டால் வரும் பலன் இரட்டிப்பு, ஓய்வுக் கணக்கும் இரண்டு மடங்கு நாள் வரும். ஒரு மணி நேரக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ரேஸ் இல்லை. பண்டாரன் இரண்டு அணியில் எதிலும் சேரலாம் என்பதும் ஒரு வசதி.

உருவமும் கணக்கில் வரும், யாரும் சொல்வதில்லை. டாரன் பெரிய உடம்பு. குகைக்குள் போனால் கேமரா முதுகில் முட்டி, எதிரியைவிட மாட்டுத்தோள்தான் அதிகம் தெரியும். நோம் குட்டை, புல்லுக்குள் காணாமல்போகும். ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கப்போவது அந்த முதுகைத்தான், ஆகவே பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அலையன்ஸா ஹோர்டா என்ற சண்டை முன்புபோல் கடுமை இல்லை. 2022-லிருந்து இரு அணி ஆட்களும் ஒன்றாக டன்ஜியன் போகலாம், 2023-லிருந்து ஒரே கில்டில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்) சேரலாம். ஆனாலும் குவெஸ்ட் செய்யும் இடம், நகரம் எல்லாம் வேறு வேறு. எதிர் அணிக்காரர் பக்கத்தில் நின்று பேசினால் பாஷை புரியாத எழுத்தாகத் தெரியும். அண்ணன் ஹோர்டில் இருந்தால் நீங்களும் ஹோர்ட். முதல் மாதம் கூட நடந்து காட்ட ஆள் இருப்பது எந்தப் பிறவிக் குணத்தையும்விட மேல்.

காசு கட்டும் முன் சோதனை

லெவல் 20 வரை விளையாட்டு இலவசம். அதில் தங்கம் 1000-க்கு மேல் சேராது, கில்டில் சேர முடியாது, ஏலக்கடை கிடையாது. கிளாஸ் சோதிக்க இவை எதுவும் தடையில்லை. டவுன்லோடு பெரிது, 128 ஜிபி அளவுக்கு எஸ்எஸ்டியில் இடம் கேட்பார்கள். 30 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி இறங்க ஏழரை மணி நேரம், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். முழுக்க இறங்கும் முன்பே ‘விளையாடலாம்’ என்று சொல்லும். அவசரப்பட்டு உள்ளே போனால் மரமும் வீடும் ஒவ்வொன்றாக முளைக்கும்.

புதியவர்கள் எக்ஸைல்ஸ் ரீச் என்ற தீவில் தொடங்குவார்கள். லெவல் 1 முதல் 10 வரை அங்கேதான், கடைசியில் டார்க்மால் சிட்டடல் என்ற சின்ன டன்ஜியன். முதல் முறை மூன்று மணி நேரம் வரை ஆகும். இரண்டு அல்லது மூன்று கிளாஸை இதே தீவில் லெவல் 10 வரை ஏற்றிப் பாருங்கள். லெவல் 4-ல் நிறுத்திவிட்டு ‘போர்’ என்று முடிவு கட்டாதீர்கள், அதுவரை எல்லா கிளாஸும் ஒரே மாதிரிதான் இருக்கும். 10-ல் பிரிவு எடுத்த பிறகு ஒரு மணி நேரம் விளையாடினால்தான் உண்மை தெரியும்.

தொடங்கும் முன் மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். டச்பேடில் ரைட் கிளிக்கைப் பிடித்துக்கொண்டு திரும்ப முடியாது, திரும்ப முடியாதவர் எந்த கிளாஸ் எடுத்தாலும் சாவார். ஏ, டி விசைகள் ஆளைத் திருப்பும்படி வைத்திருப்பார்கள், செட்டிங்கில் போய் அவற்றைப் பக்கவாட்டில் நகரும்படி மாற்றுங்கள். திரும்புவது மவுஸ் வேலை. கை வராதவர்களுக்காக ஒரே பட்டனில் அடுத்த அடியை விளையாட்டே தேர்ந்தெடுக்கும் வசதியும் 2025-ல் வந்தது. சற்று மெதுவாக அடிக்கும், பழக நல்லது.

இதே கேள்வி வேறு விளையாட்டில் வேறு மாதிரி. ஃபைனல் ஃபேன்டசி 14-ல் ஒரே கேரக்டர் எல்லா கிளாஸும் பழகலாம், அங்கே ரேஸ் பெரும்பாலும் அழகுக்குத்தான். கில்ட் வார்ஸ் 2-ல் இலவசமாகத் தொடங்கினால் இரண்டு கேரக்டருக்கு இடம். அங்கே விலங்கோடு வரும் ரேஞ்சர் அல்லது இரண்டாவது உயிர்க்கோடு போல டெத் ஷ்ரவுட் வைத்திருக்கும் நெக்ரோமான்சர் எடுக்கலாம்.

கடைசியாகப் பெயர். தமிழ் எழுத்தை அந்தப் பெட்டி ஏற்காது, ஆங்கில எழுத்தில் 2 முதல் 12 வரை, இடைவெளி கூடாது. தகடூர் என்று வைத்தால் 8 எழுத்து, அதியமான் 9, ஒகேனக்கல் 10, கிருஷ்ணகிரி 11, எல்லாம் அடங்கும். வேறு யாராவது எடுத்திருந்தால் ஒரு உயிரெழுத்தை இரட்டித்துப் பாருங்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இன்னொருமுறை படித்துவிட்டு அமுக்குங்கள், பெயரைத் திருத்த 10 டாலர்.